ரெண்டு நிமிஷம்தானே என்பவர்களுக்கு

"ரெண்டு நிமிஷம் அழும், அப்புறம் மறந்துடும்." குழந்தைகளுக்கு ஊசி போடும் எந்த இடத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஹைதராபாத்தின் மேற்கு மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டைச் சுற்றியிருக்கும் கிளினிக்குகளில் இதைத் தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம், தக்கணி உருதுவிலும் கேட்கலாம். சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பேரனின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டே தன் கண்ணையும் துடைத்துக்கொள்ளும் பாட்டிதான் சொல்கிறாள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால்தான் இத்தனை காலமாக இதை யாரும் மறுத்துப் பேசவில்லை.

இப்போது இதற்குத் துணையாக இன்னொரு கருத்தும் சேர்ந்திருக்கிறது. குழந்தையின் கண்ணில் மெய்நிகர் காட்சி (வி.ஆர்.) ஹெட்செட்டை மாட்டி, அது வேறோர் உலகத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஊசி போடுவது, தீக்காயக் கட்டுப் பிரிப்பது, பல்லுக்கு வைத்தியம் பார்ப்பது என்று ஒரு முறை பல நாடுகளில் பரவிவருகிறது. இங்கே அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் பஞ்சாரா ஹில்ஸ் பணக்கார ஆஸ்பத்திரிங்க சமாச்சாரம். ஒரு ஊசிக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? நம்மளையெல்லாம் அப்படியா வளர்த்தாங்க?" என்கிறார்கள். படித்தவர்களும் சொல்கிறார்கள். மருத்துவர்கள் சிலரும் சொல்கிறார்கள்.

இரண்டு கருத்தும் தவறு. முதலாவது மருத்துவம் எப்போதோ கைவிட்ட நம்பிக்கை. இரண்டாவது அதன் தோளில் ஏறி நிற்கிறது. வலி அற்பமானது என்று முதலில் முடிவு செய்துவிட்டால், அதைக் குறைக்கும் எந்தச் செலவும் ஆடம்பரமாகத்தான் தெரியும்.

மறந்துவிடும் என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1980-கள் வரை இதே நம்பிக்கை அறுவை அரங்குக்குள்ளேயும் ஆட்சி செய்தது. பச்சிளங்குழந்தைக்கு நரம்பு மண்டலம் முதிரவில்லை, வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்று சொல்லி, குறைமாதக் குழந்தைகளுக்கு அசையாமல் கிடக்க மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, வலி மருந்து இல்லாமலோ பெயருக்குக் கொடுத்தோ நெஞ்சைத் திறந்திருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவில் அப்படி அறுவை செய்யப்பட்ட ஒரு குழந்தை இறந்துபோனது. நடந்ததை அதன் தாய் வெளியே சொன்ன பிறகுதான் பொதுமக்களுக்கே இது தெரியவந்தது. மருத்துவ உலகின் மனத்தை மாற்றியதில் பெரும் பங்கு ஓர் இந்தியருக்கு. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987-ல் 'லான்செட்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார். இதய நாளத்தை மூடும் அறுவைக்குப் போன குறைமாதக் குழந்தைகளில் ஃபென்டனில் என்ற வலி மருந்து பெற்றவர்களின் உடல் குறைவாகவே கொந்தளித்தது. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களுக்குக் குறைவு. வலியை அழுகையாக அல்ல, ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்களாக அவர் அளந்து காட்டினார். அதன் பிறகு வலி தெரியாது என்று யாராலும் வாதாட முடியவில்லை.

நினைவைப் பற்றிய சான்றும் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஆனா டாடியோ 1997-ல் ஆண் குழந்தைகளை ஆராய்ந்தார். பிறந்த சில நாட்களில் சுன்னத்து செய்யப்பட்டவர்கள், நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசிக்கு வந்தபோது, செய்யப்படாதவர்களைவிட அதிகமாக வலியைக் காட்டினார்கள். சுன்னத்தின்போது மரப்புக் களிம்பு தடவப்பட்டவர்களிடம் அந்த மிகை குறைந்திருந்தது. அந்தக் குழந்தைகளுக்கு நடந்தது எதுவும் 'ஞாபகம்' இருந்திருக்காது. உடம்பு கணக்கு வைத்திருந்தது.

"பழகிக்கும், தைரியம் வரும்" என்பவர்களுக்கு 1998-ல் வந்த ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. புற்றுநோய்க்காக முதுகில் நீர் எடுக்கவும் எலும்பு மஜ்ஜை எடுக்கவும் வந்த குழந்தைகளிடம் அது நடந்தது. ஒரு சாராருக்கு முதல் தடவை வலி மருந்தும் மறு சாராருக்கு வெறும் ஒப்புக்கு ஒன்றும் தரப்பட்டது. அடுத்தடுத்த தடவைகளில் எல்லோருக்குமே உண்மையான மருந்து. இருந்தும், முதல் தடவை மருந்தில்லாமல் தாங்கிய எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு தடவையும் வலி அதிகமாகவே இருந்தது. முதல் அனுபவம் கெட்டால் பிறகு கொடுக்கும் நல்ல மருந்தும் முழுசாக வேலை செய்வதில்லை. பழக்கம் தைரியத்தைக் கொண்டுவரவில்லை, வலியைப் பெருக்கியது.

நம் கிளினிக்குகளில் இந்த முதல் அனுபவம் எப்படி நடக்கிறது என்று கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். நான்கு வயதுப் பெண். கதவுக்கு வெளியே வரைக்கும் "டாக்டர் ஆன்ட்டி சும்மா பார்ப்பாங்க, ஊசி இல்ல" என்று சொல்லிக் கூட்டிவருகிறார்கள். உள்ளே நுழைந்ததும் எஃகுத் தட்டில் சிரிஞ்சு தெரிகிறது. குழந்தை அப்பாவின் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதைப் பிரித்துக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள்; ஒருவர் தோளை அமுக்க, ஒருவர் முழங்காலைப் பிடிக்க, "ஏம் காது, ஏம் காது" (ஒன்றும் ஆகாது) என்று தெலுங்கில் நர்ஸ் சொல்லிக்கொண்டே ஸ்பிரிட் பஞ்சைத் தேய்க்கிறார். பஞ்சின் குளிர்ச்சி பட்டதுமே அலறல். ஊசி இறங்கி முடிந்த பிறகு, "அழுதா இன்னொண்ணு போட்டுடுவாங்க" என்று மிரட்டி வெளியே தூக்கிவருகிறார்கள். இதில் ஊசியின் வலி கடுகளவு. மற்றதெல்லாம் பொய், அமுக்கல், மிரட்டல்: நாம் சேர்த்தவை. சேட்டை செய்யும் பிள்ளையிடம் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று வீட்டில் வருஷம் முழுக்கச் சொல்கிறோமே, அதற்கான விலையும் அந்தக் கட்டிலில்தான் வசூலாகிறது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் குழந்தையின் பதற்றத்தைக் கூட்டுவதோடு சேர்ந்தே வருகிறது என்று கனடாவின் மெகன் மக்மர்ட்ரி போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். பெரியவர் குரலில் நடுக்கம் வந்தால், பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே பிள்ளை புரிந்துகொள்ளும்?

இது கிளினிக் வாசலோடு முடிவதும் இல்லை. 2012-ல் வெளியான கனடிய ஆய்வில் குழந்தைகளில் 63 விழுக்காட்டினர், பெற்றோரில் 24 விழுக்காட்டினர் ஊசிக்குப் பயம் என்றார்கள். அந்தப் பயத்தாலேயே தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவர்கள் பெற்றோரில் 7 விழுக்காடு. சர்க்கரை நோய் வந்த பிறகும் இன்சுலினுக்கு ஒப்பாமல் மாத்திரையிலேயே காலம் தள்ளும் பெரியவர்களை நம் ஒவ்வொரு குடும்பத்திலும் காட்ட முடியும்.

சரி, வி.ஆர். என்ன செய்கிறது? வலி என்பது தோலில் இருந்து மூளைக்குக் கம்பியில் போகும் தந்தி மாதிரி, போட்ட அளவே போய்ச் சேரும் என்று நினைத்திருந்த காலம் 1965-ல் வலி ஆய்வாளர்கள் மெல்ஸாக்கும் வாலும் எழுதிய கட்டுரையோடு முடிந்துவிட்டது. வழியிலேயே அது கூடும், குறையும். பயம் கூட்டும், கவனம் வேறிடத்தில் முழுசாகச் சிக்கிக்கொண்டால் குறையும். சியாட்டிலின் ஹார்பர்வியூ தீக்காய மையத்தில் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1996-ல் இதைத்தான் வி.ஆர். கொண்டு சோதிக்கத் தொடங்கினார்கள். தீக்காயத்தில் கட்டுப் பிரிப்பது, காயத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, மடங்கிப்போன தோலை நீட்டிப் பயிற்சி கொடுப்பது எல்லாம் மார்ஃபின் கொடுத்தும் அடங்காத வலி. அவர்கள் உருவாக்கிய 'ஸ்னோ வேர்ல்டு' பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்துபோகும் விளையாட்டு. பிள்ளை பனிமனிதர்கள் மேலும் பென்குயின்கள் மேலும் பனிப்பந்து எறிந்துகொண்டே போகும்போது, செவிலியர் கட்டைப் பிரிப்பார். 2004-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, வலி சார்ந்து விழிக்கும் பகுதிகளின் செயல்பாடே தணிந்திருந்தது. பிள்ளை வலியை மறைத்துச் சமாளிக்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது.

"அதுக்கு டி.வி. போதுமே, போன் போதுமே" என்பார்கள். ஒற்றைத் தடுப்பூசிக்குப் போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். கைக்குழந்தைக்கு அதுவும் வேண்டாம். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே போடலாம். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடிப்பது, ஊசியை இறக்கிய பின் பின்னால் இழுத்துப் பார்க்காமல் இருப்பது, ஒன்றுக்கு மேல் போடவேண்டியிருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லியிருக்கிறது. இவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து நிமிஷம் நீளும் காரியத்துக்கும், அடுத்த மாதமும் அதே கட்டிலுக்கு வந்தாகவேண்டிய பிள்ளைக்கும் போன் தாங்காது. போனின் ஓரத்தில் சிரிஞ்சு தெரியும், நர்ஸின் கை தெரியும். லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனை ரத்தம் எடுக்க வந்த 143 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட சோதனையில், வி.ஆர். இல்லாத சாராருக்கு மரக்கவைக்கும் குளிர் ஸ்ப்ரேயும் இருந்தது, அறையில் கார்ட்டூன் ஓடும் டி.வி.யும் இருந்தது. அப்படியும் ஹெட்செட் மாட்டியவர்களுக்கே வலியும் பதற்றமும் குறைவு. நம் நாட்டில் இதை அதிகம் கையில் எடுத்தவர்கள் குழந்தைப் பல் மருத்துவர்கள்தான். பால் பல்லுக்கு வேர் வைத்தியம் செய்யும்போது ஹெட்செட் மாட்டிப் பார்த்து, பதற்றம் குறைந்ததாகத் தங்கள் இந்தியச் சங்கத்தின் இதழிலேயே எழுதியிருக்கிறார்கள்.

எதிர்த்தரப்பில் விஷயம் தெரிந்தவர்களும் உண்டு. அவர்கள் கையில் வைத்திருப்பது, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை. 2020-ல் வெளியான அந்தத் தொகுப்பாய்வு, 4 முதல் 18 வயது வரையான 1,008 பேரை உள்ளடக்கிய 17 சோதனைகளை அலசி, வி.ஆர். வலியைக் குறைக்கிறது என்பதற்கான சான்றின் உறுதி குறைவு, மிகக் குறைவு என்று சொன்னது. உண்மை. நான் அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் உறுதி குறைவு என்பதைப் பயனில்லை என்று வாசிப்பது பிழை. சோதனைகள் சிறியவை, வலியை அளந்த விதம் இடத்துக்கு இடம் வேறு, யார் ஹெட்செட் மாட்டியிருக்கிறார் என்பதை யாரிடமும் மறைக்க முடியாது. இன்னும் பெரிய, இன்னும் கவனமான சோதனைகள் வேண்டும் என்பதற்கு அது வாதம். கவனத்தைத் திருப்புவது என்ற அடிப்படை முறைக்கு, ஊசி வலியைப் பற்றிய 2018-ன் காக்ரேன் தொகுப்பே ஆதரவாக நிற்கிறது. என் கேள்வி வேறு: கைகாலை அமுக்கிப் பிடித்து ஊசி போடுவதே நல்லது என்பதற்கு எத்தனை சோதனை நடந்தது? எந்தத் தொகுப்பாய்வு அதைப் பரிந்துரைத்தது? பழைய முறையிடம் எந்தச் சான்றும் கேட்காமல், புதிய முறையிடம் மட்டும் கறாராகக் கேட்பது அறிவியல் ஆகாது.

இந்த ஊரில் இருந்துகொண்டு வலி நிவாரணத்தைப் பணக்காரர் சமாச்சாரம் என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. குளோரோஃபார்ம் கொடுத்தால் மூச்சு முதலில் நிற்கிறதா, இதயமா என்று உலகமே சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அதைத் தீர்க்க 1888-லும் 1889-லும் இரண்டு ஆணையங்கள் கூடியது ஹைதராபாத்தில். இங்கே பணியாற்றிய மருத்துவர் எட்வர்ட் லாரி நடத்தினார். ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் பணம் கொடுத்து, 'லான்செட்' சார்பில் மருத்துவர் லாடர் பிரன்டனை லண்டனிலிருந்து வரவழைத்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவரான ரூபா பாய் ஃபர்தூன்ஜி படித்ததும் பணி செய்ததும் இங்கேதான். குளோரோஃபார்ம் இதயத்தை நேராகத் தாக்காது என்ற ஆணையத்தின் முடிவு பின்னாளில் பிழை என்று ஆனது. ஆனாலும், நோயாளி வலி இல்லாமல் பாதுகாப்பாக வைத்தியம் பெறவேண்டும் என்பது அரசு கஜானாவைத் திறக்கத் தகுந்த விஷயம் என்பதில் அன்றைய ஹைதராபாத்துக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஹெட்செட் யாருக்கு வேண்டும் என்பதில்தான் பொதுக்கருத்து தலைகீழாக நிற்கிறது. ஆண்டுக்கு ஓரிரு தடவை ஊசி போட்டுக்கொள்ளும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது அவசியமே இல்லை. தலசீமியா பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இந்த நகரத்தில் 1998 முதல் இயங்கும் தலசீமியா அண்டு சிக்கிள் செல் சொசைட்டிக்கு ரத்தம் ஏற்றிக்கொள்ள வருபவர்கள் போன்ற குழந்தைகள். ஒரு வயதுக்குள் நோய் தெரியவந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால், ஆண்டுக்கு 17 தடவை. பத்து வயது முடிவதற்குள் 150-ஐத் தாண்டும். ஒவ்வொரு தடவையும் வென்ஃப்ளான் எனும் ஊசிக்குழாயைச் செருகவேண்டும். ரத்தம் பொருத்திப் பார்க்க மாதிரி எடுக்கவேண்டும். வருஷம் போகப் போக நரம்பு கிடைக்காது. புறங்கையில் தட்டித் தட்டிப் பார்த்து, இந்தக் கை, அந்தக் கை, கடைசியில் கணுக்கால். ரத்தப் புற்றுநோய்க்கு எம்.என்.ஜே. போன்ற அரசுப் புற்றுநோய் மருத்துவமனைகளில் இரண்டு வருஷத்துக்கு மேல் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள், கொதிக்கும் சாம்பார் மேலே கொட்டி உஸ்மானியா மருத்துவமனையிலோ சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையிலோ கட்டுப்போட்டுக் கிடக்கும் பிள்ளைகள், இவர்களில் பெரும்பாலோர் ஏழை வீட்டுக் குழந்தைகள். வலியை அதிகம் தாங்குபவர்கள் அவர்கள். வலியைக் குறைக்கும் கருவி மட்டும் வசதியானவர்களுக்கு என்றால் அதை ஒப்புக்கொள்ள நாம் யார்?

செலவைச் சொல்லித் தப்பிக்கவும் இடமில்லை. தனித்து இயங்கும் நல்ல ஹெட்செட் ஒன்று நல்ல செல்பேசியின் விலைதான். ஒரு வார்டுக்கு இரண்டு போதும். செல்பேசியைச் செருகிப் பார்க்கும் எளிய கண்ணாடி இன்னும் மலிவு. நேரம் இல்லை என்கிறார்கள். திமிறும் பிள்ளையை மூன்று பேர் பிடித்து, இரண்டு தடவை நரம்பு தவறி, மூன்றாவது முறை குத்துவதற்கு ஆகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் ஹெட்செட்டை ஆதரிப்பவர்களில் சிலரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அதை மாட்டிவிட்டால் வேறெதுவும் வேண்டாம் என்று நினைப்பது கொடுமை. லிக்னோகெயின், பிரிலோகெயின் கலந்த களிம்பைத் தடவி மேலே மூடி ஒரு மணி நேரம் விடவேண்டிய இடத்தில் அதைச் செய்தாகவேண்டும்; முதுகில் நீர் எடுக்க மயக்கம் தேவைப்படும் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்தாகவேண்டும். ஹெட்செட் இவற்றோடு சேர்ந்து நிற்பது, இவற்றின் இடத்தில் நிற்பதல்ல. நான்கைந்து வயதுக்குக் கீழே அது பொருந்தாது. வலிப்பு வரும் பிள்ளைக்கும், தலைசுற்றி வாந்தி வரும் பிள்ளைக்கும் அது ஆகாது. ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்குப் போகுமுன் துடைத்துச் சுத்தம் செய்தாகவேண்டும். குழந்தையிடம் சொல்லாமல் கண்ணை மறைத்துவிட்டுக் குத்துவது, "ஊசி இல்ல" என்ற பழைய பொய்யைப் புது விலையில் வாங்குவது. "இப்ப கையில ஊசி வரும், நீ விளையாடிக்கிட்டே இரு, வேண்டாம்னா கழட்டிடலாம்" என்று சொல்லவேண்டும். ஊசியைப் பார்த்தால்தான் நிம்மதி என்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க விடவேண்டும்.

இதற்கெல்லாம் ஓர் ஆள் வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு நன்கொடையாக வந்து, பெட்டி பிரிக்காமல் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் கருவிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலைநாட்டுக் குழந்தைகள் மருத்துவமனைகளில் விளையாட்டின் மூலமாகப் பிள்ளையைச் சிகிச்சைக்குத் தயார் செய்வதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். நிலோஃபர் போன்ற பெரிய அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில் அப்படி ஒருவர் ஒரு வார்டில் இருந்தால், ஹெட்செட் இல்லாத நாளில்கூட அவர் கையில் சோப்புக் குமிழியும் கதையும் இருக்கும். மாதாப்பூரின் ஐ.டி. நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் மருத்துவமனைகளுக்குக் குடிநீர் இயந்திரமும் நாற்காலியும் கொடுத்துப் பெயர்ப்பலகை வைக்கின்றன. அடுத்த தடவை கொடுப்பவர்கள் ஒரு வார்டுக்கு இரண்டு ஹெட்செட், ஒரு வருஷத்துக்கு வேண்டிய மரப்புக் களிம்பு, பயிற்சி பெற்ற ஓர் ஆளின் மூன்று வருஷச் சம்பளம் என்று கொடுக்கட்டும். மருத்துவமனைக் கண்காணிப்பாளர்கள் அதைக் கேட்டு எழுதட்டும். பெற்றோர்களாகிய நாமும் ஊசி அறைக்குள் நுழையும்போது, "களிம்பு போடலாமா, மடியில வெச்சுக்கலாமா?" என்று கேட்கத் தொடங்கவேண்டும். முகம் சுளிக்கும் மருத்துவர் சுளிக்கட்டும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது பிள்ளைக்கு அவரே களிம்பை எடுத்து வைப்பார்.